யன்னலின் கீழ்மூலையில் ஒரு கை

மகள் புதுக் கமரா வாங்கியபோது தன்னுடைய பழையதை எனக்குத் தந்தாள். அப்போது எனக்கு ஐம்பத்தெட்டு வயது. பதினேழு வருடம் முதியோர் இல்லமொன்றின் குசினியில் வேலை செய்து, முழங்கால் ஏலாமல் போனதால் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்த காலம். தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுத்துக் காட்டும் நீள லென்ஸும் கமராவோடு வந்தது. நல்ல பொருள்தான். ஆனால் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ரொறொன்ரோவின் கிழக்கு ஓரம் ரூஜில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலைத் தாண்ட எனக்கு எட்டு மாதம் பிடித்தது.

காரணம் பயம். எங்கள் வீட்டில் கமராவால் ஒரு தரம் ஆள் போயிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் நான் பள்ளிக்கூடம் முடிக்கிற வருடம். சுற்றிவளைப்பில் வந்த ஆமிக்காரர் அண்ணாவின் அலுமாரியைக் கிளறியபோது ஒரு கடித உறை நிறையப் படங்கள் கிடந்தன. வொலிபோல் விளையாடுகிற பெடியள், கோயில் வீதியில் தோளில் கைபோட்டு நிற்கிற பெடியள். இரவல் கமராவில் அண்ணா எடுத்தவை. ஒவ்வொரு முகத்திலும் விரலை வைத்து "இது யாரு? இது யாரு?" என்று கேட்டார்கள். பிறகு உறையையும் அண்ணாவையும் சேர்த்தே கொண்டுபோனார்கள். பதின்மூன்றாம் நாள் அண்ணா திரும்பி வந்தார். உறை வரவில்லை. எந்த முகங்களைக் கேட்டார்கள், இவர் என்ன சொன்னார் என்பதை இன்றுவரை அவர் வாய் திறந்து சொன்னதில்லை. இப்போது பாரிஸில் இருக்கிறார். கலியாண வீடுகளில் படம் எடுப்பவர் தன் மேசைப் பக்கம் வருவதைக் கண்டால், கைகழுவப் போகிறவர்போல மெல்ல எழும்பிப் போய்விடுவார்.

இதையெல்லாம் மகளுக்குச் சொல்லவில்லை. சொன்னது, எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கும் அக்காவுக்கு. அவர் மட்டக்களப்புப் பக்கம். என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஸ்காபரோவில் இருபது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். பனியில் வழுக்கும் ரோட்டில் நாற்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனவருக்குப் பயம் என்றால் என்னவென்றே விளங்காது. கேட்டு முடிந்ததும், "சரி புள்ள, அது அங்க. இது இஞ்ச. வா, லைப்ரரில படம் எடுக்கப் பழக்கிறாங்களாம்" என்றார். இரண்டு பேருடைய பெயரையும் கொடுத்துவிட்டுத்தான் என்னிடம் சொன்னார் என்பது பிறகு தெரிந்தது.

வகுப்பு சனிக்கிழமைகளில் நடந்தது. பன்னிரண்டு பேர் இருந்தோம். எங்களுக்குப் பழக்கியவர் யூனியன்வில்லில் இருந்து வரும் சீன ஆசிரியர், ஓய்வு பெற்றவர், சத்தம் போடாதவர். ஒக்டோபர் கடைசியில் அவர் எங்களை வெளியூருக்கு, நடந்து நடந்து படம் எடுக்கும் ஒரு படநடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ரொறொன்ரோவுக்கு மேற்கே ஒன்றரை மணித்தியால ஓட்டம். ஸ்கொட்லாந்தில் இருந்து வந்த கல்கொத்தர்கள், தங்கள் ஊர் எப்படி இருந்ததோ அப்படியே இங்கேயும் கட்டி எழுப்பிய சிறிய ஊர். ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. நான் சொல்லப்போகிற அம்மாவை அங்கே எல்லாருக்கும் தெரியும்.

அக்காவின் காரில் போனோம். 401 ஹைவேயில் லொறிகள் பக்கத்தில் வரும்போதெல்லாம் நான் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டேன். "அதப் பிடிச்சா லொறி வராதாகா?" என்று அக்கா சிரித்தார்.

ஊர் வடிவான ஊர்தான். முழுவதும் சாம்பல் நிறச் சுண்ணக்கல். மூன்று மாடிக் கடைகள், ஊசிக் கோபுரம் வைத்த தேவாலயம், விளக்குக் கம்பங்களில் கட்டம் போட்ட துணிக்கொடிகள். ஊருக்கு நடுவிலே ஆறு கல்லைக் குடைந்துகொண்டு ஆழத்தில் ஓடுகிறது. கடைத்தெருவில் இருந்து பார்த்தால் தண்ணீர் தெரியாது, இரைச்சல் மட்டும் கேட்கும். எங்கேயோ கீழே ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பே எனக்குச் சரிவரவில்லை.

தேவாலயப் படியில் எல்லாரையும் நிறுத்தி ஆசிரியர் அன்றைக்கு உரிய வேலையைச் சொன்னார். கதவும் யன்னலும். ரோட்டில் நின்று எடுக்கலாம், யாருடைய வளவுக்குள்ளும் கால் வைக்கக்கூடாது. பன்னிரண்டரைக்குத் திரும்ப இதே படிக்கு வரவேண்டும். அக்காவுக்குக் கதவும் யன்னலும் பிடிக்கவில்லை. ஆற்றைத்தான் எடுப்பேன் என்று முக்காலியைத் தூக்கிக்கொண்டு, பாறையோடு இறங்கும் கல்படிகளில் இறங்கத் தொடங்கினார். நான் எட்டிப் பார்த்தேன். படிகள் ஈரமாக இருந்தன.

"அக்கா, எனக்கு ஏலாது. நான் மேலயே நிக்கிறன்."

"நில்லு. ஆனா நிண்ட இடத்திலயே நிக்காத. நாலு வீட்டப் போய்ப் பாரு."

அப்படித்தான் நான் தனியாகப் போனேன்.

கடைத்தெருவுக்குப் பின்னால் வீடுகள் உள்ள தெரு. பெரிய மேப்பிள் மரங்கள் இலையெல்லாம் உதிர்த்திருந்தன. ஒரு மனிதர் தன் வீட்டு முன்றிலில் இலைகளை வாரிக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். சிவப்புக் கட்டச் சட்டை, பக்கத்தில் ஒரு பிக்கப் வண்டி. என்னைக் கண்டதும் வாருவதை நிறுத்தினார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்தத் தெருவில் என்னுடைய நிறத்தில் வேறு ஒருவரும் இல்லை. கழுத்தில் ஒரு சாண் நீளத்துக்கு லென்ஸ் வேறு. திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் திரும்பினால் களவெடுக்க வந்தவள் ஓடுவதுபோல் இருக்கும் என்று இன்னொரு பயம். அதனால் நேரே நடந்தேன்.

அவர் வீட்டுக்கு அடுத்த வீடு நீலக் கதவு வைத்த கல்வீடு. கதவின் இரண்டு பக்கமும் ஆழமான யன்னல்கள், உள்ளே வெள்ளைப் பின்னல் திரைச்சீலை. யன்னல்கள் தாழ்வாக, கிட்டத்தட்ட நிலமட்டத்தில் தொடங்கின. ரோட்டின் எதிர்ப்பக்கத்தில் நின்று மூன்று படம் எடுத்தேன். சரியாக வந்ததோ என்ற சந்தேகத்தில் மூன்று. இலை வாரியவர் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றாவது படத்தோடு லென்ஸை மூடிவிட்டு, பின்னால் காலடி கேட்கிறதா என்று காதைக் கொடுத்தபடி தேவாலயத்துக்குத் திரும்பினேன்.

தேவாலயத்தின் பக்கத்தில் உட்காருவதற்கு ஒரு மர வாங்கு இருந்தது. அதிலே இருந்து, எடுத்த படங்களைக் கமராவின் சின்னத் திரையில் பார்த்தேன். நீலக் கதவு நல்லாக வந்திருந்தது. கதவில் தட்டுவதற்கு வைத்த பித்தளை வளையத்தைப் பார்ப்பதற்காகப் படத்தைப் பெருப்பித்தேன். விரல் வழுக்கி வலதுபக்க யன்னலுக்குப் போய்விட்டது.

யன்னலின் கீழ்மூலையில், கண்ணாடியில், நாலு விரல்கள்.

பொம்மையோ, கையுறையோ என்றுதான் முதலில் பார்த்தேன். அடுத்த படத்தைத் திறந்தேன். விரல்கள் கொஞ்சம் இடம் மாறியிருந்தன. மூன்றாவதில் உள்ளங்கை முழுவதும் கண்ணாடியில் அப்பியிருந்தது, வெளிறிப்போய். பட்டப்பகல். பதினொன்றரை மணி. பக்கத்தில் இரண்டு பெண்கள் நாயோடு போகிறார்கள். ஆனாலும் கமராவை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டேன். அந்தக் கை என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததுபோல் இருந்தது.

யாராவது பிள்ளை ஒளித்து விளையாடியிருக்கும் என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் அது வேலை செய்தது. பிறகு திரைச்சீலை நினைவுக்கு வந்தது. மற்ற யன்னலில் நேராகத் தொங்கிய சீலை, இந்த யன்னலில் ஒரு பக்கமாகச் சரிந்து இழுபட்டிருந்தது. நான் அப்படி ஒரு சீலையைக் கண்டிருக்கிறேன். முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், காலைத் தேநீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனபோது, கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் விழுந்து கிடந்த ஒருவர் கையில் கிடைத்த திரைச்சீலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். விழுந்து எழும்ப முடியாதவர்கள் எட்டுகிறதைப் பிடிப்பார்கள்.

அக்காவுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. பள்ளத்துக்குள் போன் வேலை செய்யவில்லை போலும். ஆசிரியரையும் காணவில்லை. மகளுக்கு அடித்தேன்.

"அம்மா, வெயிட், வெயிட். யாருடைய கை?"

"தெரியாது பிள்ளை. யன்னலில ஒரு கை தெரியுது. ஆரோ விழுந்து கிடக்கினம் எண்டு நினைக்கிறன்."

"ஆர் யூ ஷுவர்? சரி, நீங்கள் 911க்கு கோல் பண்ணுங்கோ. பட் உள்ளுக்குப் போகாதீங்கோ, ப்ளீஸ். தெரியாத ஆக்களின்ர ப்ரொபேட்டி. யாரும் ஏதும் செய்தால்?"

"வீட்டு நம்பர் தெரியாது."

"அப்ப போய் நம்பரை மட்டும் பாருங்கோ. ரோட்டில நிண்டு பாருங்கோ. அம்மா? ரோட்டில நிண்டு."

போனை வைத்தபிறகும் நான் இரண்டு மூன்று நிமிடம் அந்த வாங்கிலேயே இருந்தேன். இதை மறைக்கக்கூடாது. பேசாமல் இருந்தால் என்ன என்று யோசித்தேன். பன்னிரண்டரைக்கு அக்கா வருவார், அவரிடம் சொல்லலாம், அவருக்குத்தான் பயமில்லை. நான் பொலிசைக் கூப்பிட்டு, அவர்கள் வந்து பார்க்க, உள்ளே ஒரு பிள்ளை சிரித்துக்கொண்டு நின்றால்? ஏன் இந்த வீட்டைப் படம் எடுத்தாய் என்று கேட்டால்? என்னுடைய இங்கிலீஷ் குசினிக்குப் போதுமானது. பொலிஸ்காரருக்கு முன்னால் அது எங்கே போய் ஒளிக்கும் என்று எனக்குத் தெரியும். கடைசியில் நான் எழும்பியது தைரியத்தால் அல்ல. அந்த மூன்றாவது படத்தில் விரித்து அப்பியிருந்த உள்ளங்கையை நினைத்துக்கொண்டு அங்கே இருப்பது, எழும்பிப் போவதைவிடப் பயமாக இருந்தது.

திரும்பிப் போனேன். எதிர்ப்பக்கத்தில் நின்று யன்னலைப் பார்த்தேன். கை இல்லை. சீலை மட்டும் சரிந்தபடி. கை இருந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

கதவுக்கு மேலே இருந்த வீட்டு இலக்கம் நிழலில் கிடந்ததால் படத்திலும் விழவில்லை, அங்கிருந்தும் தெரியவில்லை. ரோட்டைக் கடந்தேன். நடைபாதையில் நின்று எட்டிப் பார்த்தேன். ஒரு அடி புல்லில் வைத்தேன்.

"உங்களுக்கு ஏதும் உதவி வேண்டுமா?"

இலை வாரியவர். இந்த நாட்டில் அந்தக் கேள்விக்கு இரண்டு அர்த்தம் உண்டு. கடையில் கேட்டால் ஒன்று. இப்படித் தோட்டத்து வாரியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டால் மற்றது. அவர் கிட்ட வந்தார். நீ முதலிலும் வந்தாய், இந்த வீட்டைப் படம் எடுத்தாய், இப்போது திரும்பவும் வந்து புல்லில் ஏறி யன்னலுக்குள் பார்க்கிறாய், உனக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டார். சொல்லிக்கொண்டே சட்டைப் பையில் இருந்து போனை எடுத்து, என் முகத்துக்கு நேராகப் பிடித்து ஒரு படம் எடுத்தார்.

சின்னதாக ஒரு 'கிளிக்' சத்தம். என்னுடைய முகம் இன்னொருவர் கையில் இருக்கிறது. அதிலே விரலை வைத்து "இது யார்?" என்று இனி யாரோ யாரிடமோ கேட்பார்கள். எனக்கு முன்னால் நின்றது கனடாவில் ஒரு சின்ன ஊரில் இலை வாரும் மனிதர் என்று தலைக்குத் தெரிந்தது. உடம்புக்குத் தெரியவில்லை.

"லேடி," என்று மட்டும் வந்தது. "லேடி... ஹாண்ட்... விண்டோ."

அவருக்கு விளங்கவில்லை. நான் கமராவைத் தட்டி, மூன்றாவது படத்தைக் கொண்டுவந்து, பெருப்பித்து அவர் பக்கம் நீட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடி இல்லை. என்னைக் கேட்காமலே என் கழுத்தில் இருந்து வாரைக் கழற்றிக் கமராவை எடுத்துக்கொண்டு தன் வண்டிப் பக்கம் நடந்தார். போய்விட்டது, கமரா போய்விட்டது, இனிப் பொலிஸ் வரும் என்று நினைத்தேன். பின்னால் ஓடவும் துணியவில்லை. ஓடினால் அவர் என்ன செய்வாரோ. அந்தப் புல்லிலேயே, ஒரு கால் புல்லிலும் ஒரு கால் நடைபாதையிலுமாக நின்றேன்.

வண்டிக் கதவைத் திறந்து கண்ணாடியை எடுத்துப் போட்டார். திரையைப் பார்த்தார். இன்னொரு தரம் பார்த்தார். அந்த முகம் மாறியதை நான் மறக்கமாட்டேன். கோபம் அப்படியே வடிந்து, என்னுடைய பயம் அவர் முகத்துக்குப் போனதுபோல் இருந்தது. ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு நீலக் கதவுக்கு ஓடினார். குத்தினார். பிடியைத் திருகினார். பூட்டு. மற்றப் பக்கமாகத் திரும்பி என்னைப் பார்த்து, "911! கூப்பிடு! இப்பவே!" என்று சத்தம் போட்டுவிட்டு வீட்டின் பின்பக்கம் ஓடினார்.

கூப்பிட்டேன். கேட்ட கேள்விக்குச் சொல் வந்தது எப்படி என்று இன்னும் தெரியாது. ஊரையும் தெருவையும் சொன்னேன், கதவுக்கு மேலே இருந்த இலக்கத்தை வாசித்தேன். பின்பக்கத்தில் கண்ணாடி உடைகிற சத்தம். போனில் இருந்த பெண் கேட்டாள், நீங்கள் உள்ளேயா வெளியேயா, அவர் மூச்சு விடுகிறாரா? தெரியாது என்றேன். பத்திரமாக இருந்தால் உள்ளே போய்ப் பார்த்துச் சொல்ல முடியுமா?

மகள் போகாதே என்ற வீட்டுக்குள் போனேன். பின்கதவால். காலுக்குக் கீழே கண்ணாடித் துண்டுகள் நொறுங்கின. சமையலறையில் ஒரு தட்டில் வெட்டி வைத்த ஆப்பிள் கறுத்துக் கிடந்தது. வீடு வெளியைவிடக் குளிராக இருந்தது. கூடத்துக்குள் போகும் வாசலில் நின்றுவிட்டேன். மூத்திர மணமும் இன்னொரு மணமும் வந்தன. இல்லத்தில் எனக்குப் பழகின மணங்கள்தான். இருந்தும் செத்துப்போன முகத்தைப் பார்க்கப் போகிறேன் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். திறந்தபோது அந்த மனிதர் நிலத்தில் முழங்காலில் இருந்தார். அவருக்கு முன்னால், யன்னலுக்குக் கீழே, சீலையைத் தன்மேல் இழுத்தபடி, எண்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. ஒரு கால் இருக்கக்கூடாத பக்கமாகத் திரும்பியிருந்தது. கண் இரண்டும் திறந்திருந்தன. அசையவில்லை.

போனில் அந்தப் பெண் கேட்டுக்கொண்டேயிருந்தாள். மூச்சு விடுகிறாரா? மூச்சு விடுகிறாரா?

அப்போது அந்தக் கண்கள் மெல்ல நகர்ந்து என்னிடம் வந்து நின்றன.

"ஓம்," என்றேன் போனில். பிறகு, "யெஸ், யெஸ்."

தண்ணீர் கொடுக்கவேண்டாம், அசைக்கவேண்டாம், சூடாக வைத்திருங்கள் என்றாள். என் குளிர்கோட்டைக் கழற்றிப் போர்த்தினேன். அந்த மனிதர் உள்ளறையில் இருந்து ஒரு போர்வையைக் கொண்டுவந்தார். நான் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்தேன். படத்தில் கண்ட அதே கை. பனிக்கட்டிபோல் இருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. ஏதோ சொல்ல முயன்றார். காதைக் கிட்டக் கொண்டுபோனேன்.

"உன்னைப் பார்த்தேன்," என்றார். "ரோட்டுக்கு அந்தப் பக்கம். கை காட்டினேன். கை காட்டினேன். நீ போய்விட்டாய்."

அன்றைக்கு நான் பட்ட பயங்களில் எல்லாம் இதுதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. அந்த அம்மா முந்தின நாள் பின்னேரம் விழுந்திருக்கிறார். போன் மேசையில். விடியும்வரை ஊர்ந்து, கதிரைக்கால்களைப் பிடித்துப் பிடித்து யன்னலுக்கு வந்திருக்கிறார். ரோட்டில் போன வண்டிகள் ஒன்றும் நிற்கவில்லை. கடைசியில் ஒருத்தி வந்து, நின்று, நேராகத் தன்னைப் பார்த்து ஒரு கருவியை உயர்த்தினாள். மூன்று தரம். பிறகு மூடிக்கொண்டு போய்விட்டாள்.

"வந்திட்டன்," என்றேன் தமிழில். "திரும்பி வந்திட்டன் அம்மா." அவருக்கு விளங்கியிராது. கையை மட்டும் விடவில்லை.

அம்புலன்ஸ் வந்தது. அதோடு பொலிஸ் காரும் வந்தது. அந்த அம்மாவை ஏற்றும்போது என் கையில் இருந்து அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக எடுக்கவேண்டியிருந்தது. பிறகு பொலிஸ்காரர் என்னை முன்வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்து, பெயர், விலாசம், அடையாள அட்டை கேட்டார். இளம் பொலிஸ்காரர், மரியாதையாகத்தான் கேட்டார். நான் பேர்சில் இருந்து முதலில் லைப்ரரி அட்டையைத்தான் எடுத்து நீட்டினேன். உடைந்த கண்ணாடியைப் பார்த்தார். யார் உடைத்தது என்று கேட்டார். நான் ஒன்றும் பேசுமுன் இலை வாரியவர் முன்னுக்கு வந்தார்.

"நான் உடைத்தேன். அவள் எதையும் தொடவில்லை. அவள்தான் கண்டுபிடித்தது."

மன்னிப்பு ஒன்றும் அவர் என்னிடம் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. என் கமராவைத் தன் தோளில் தொங்கவிட்டிருந்ததை அப்போதுதான் கண்டு, இரண்டு கையாலும் எடுத்து என் கழுத்தில் மாட்டிவிட்டார். பொலிஸ்காரர் அந்த மூன்று படங்களையும் பார்த்தார். முதல் படத்தின் நேரத்தை எழுதினார், பதினொன்று பத்து. நான் 911க்கு அடித்தது பதினொன்று ஐம்பத்தொன்று. அவர் எழுதியதோடு சரி. நான்தான் அந்த நாற்பத்தொரு நிமிடத்தை அந்த இடத்திலேயே கணக்குப் பார்த்தேன்.

அக்கா வந்தபோது நான் அந்த வீட்டுப் படியில், கோட்டும் இல்லாமல், பொலிஸ்காரருக்குப் பக்கத்தில் இருந்தேன். தேவாலயத்தில் என்னைக் காணாமல் தேடி வந்திருக்கிறார். பொலிஸ் காரையும் என்னையும் கண்டதும், இருபது வருடம் பஸ் ஓட்டிய அந்த மனுசி முக்காலியை ரோட்டில் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"என்ன புள்ள? என்ன செஞ்சாங்க உன்ன? என்ன நடந்த?"

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. பொலிஸ்காரர் பயந்துபோய்த் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை எடுத்துவந்தார்.

புறப்படுமுன் இலை வாரியவர் என் போன் நம்பரைக் கேட்டார், ஆஸ்பத்திரியில் இருந்து செய்தி வந்தால் சொல்லலாம் என்று. பயத்தில் நான் அக்காவின் நம்பரைச் சொன்னேன். அக்கா ஒரு பார்வை பார்த்தார், காட்டிக்கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று கிழமை நான் கமராவைத் தொடவில்லை. என் கணவர் கேட்டதற்கு மழை என்றேன். கண்ணை மூடினால் அந்த வாங்கில் நான் இருப்பது தெரியும். எழும்பாமல். பக்கத்து வீட்டு யன்னலில் திரை அசைந்தால் நின்று விரல்களைத் தேடுவேன். குசினியில் நிற்கும்போது, இப்போது நான் இங்கே விழுந்தால் என் கை எந்த யன்னலுக்கு எட்டும் என்று பார்க்கத் தொடங்கினேன். எங்கள் குசினி யன்னல் உயரத்தில். எட்டாது. மகளிடம் சொன்னபோது, "அம்மா, நீங்கள் ஒரு ஆளைக் காப்பாத்தியிருக்கிறீங்கள், ஏன் உப்பிடி யோசிக்கிறீங்கள்?" என்று ஏசினாள். அடுத்த நாளே, கழுத்தில் போட்டிருந்து, விழுந்தால் அமத்தி உதவி கூப்பிடுகிற பொத்தான் ஒன்றுக்குக் கணினியில் விலை பார்த்தாள். அவளுக்கும் பயம் தொற்றிவிட்டது.

நவம்பர் நடுவில் அக்கா என் கதவைத் தட்டினார். "உனக்கு வந்த போன நான் எடுத்தேன்" என்றார். அந்த மனிதர்தான் கூப்பிட்டவர். அந்த அம்மாவுக்கு இடுப்பெலும்பில் ஒப்பரேஷன் நடந்ததாம். ஆள் தப்பிவிட்டாராம். பக்கத்து நகரத்தில் நடக்கப் பழக்கும் ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம். கமரா வைத்திருந்த பெண்ணைப் பார்க்கவேண்டும் என்கிறாராம்.

"நான் போகேல்லை அக்கா."

"ஏன்?"

"என்னைப் பேசினால்? ஏன் விட்டிட்டுப் போனனீ எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

"கேட்டா, பயத்தில போன எண்டு சொல்லு" என்றார். "பொய் சொல்லவா போறாய்?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனோம். பூக்கடையில் மஞ்சள் செவ்வந்தி வாங்கினேன். ஆஸ்பத்திரி நடைவழி முழுவதும் வாசல்களை எண்ணிக்கொண்டு போனேன். அந்த அம்மா சக்கரக் கதிரையில், தலை வாரி, ஊதாச் சட்டை போட்டு இருந்தார். இலை வாரியவரும் அங்கே இருந்தார். தலையை ஆட்டி எழும்பித் தன் கதிரையை எனக்குத் தந்துவிட்டு வெளியே போனார். அம்மா என்னை நெடுநேரம் பார்த்தார்.

"நீ இன்னும் உயரமாக இருந்தாய்," என்றார்.

நிலத்தில் கிடந்து பார்த்தவருக்கு நான் உயரமாகத்தான் தெரிந்திருப்பேன். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. வரும்வழியில் இங்கிலீஷில் அடுக்கி வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். முதலில் உங்கள் கையை நான் காணவில்லை. கண்ட பிறகும் உடனே வரவில்லை. வாங்கில் இருந்துவிட்டேன். பயமாக இருந்தது.

"யாரைக் கண்டு பயம்? என்னையா?"

"எல்லாரையும்."

அவர் தன்னுடைய பயத்தைச் சொன்னார். கதிரைக்கால்களைப் பிடித்து ஊர்ந்தபோது வராத பயம், நான் போனபிறகு வந்ததாம். இனி ஒருவரும் வரமாட்டார்கள் என்று கையை எடுத்துவிட்டாராம். பின்கண்ணாடி உடைந்தபோது கள்ளர் வந்துவிட்டார்கள் என்று நினைத்துச் செத்தவரைப்போல் மூச்சை அடக்கிக்கொண்டு கண்ணைத் திறந்தபடி கிடந்தாராம். மூக்குக்கண்ணாடி இல்லாமல், கிட்ட வந்து குனிந்தவரின் முகம்கூட யாரென்று விளங்கவில்லையாம்.

"நீ வாசலில் நின்று கண்ணை மூடிக்கொண்டாய்," என்றார். "கண்ணை மூடிக்கொண்டு களவெடுக்க வருகிறவர் யாரும் இல்லை. அப்போதுதான் மூச்சை விட்டேன்."

அக்கா பின்னால் நின்று இதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அம்மா கை நீட்டினார். நான் கொடுத்தேன். இந்தமுறை கை சூடாக இருந்தது, பிடி மட்டும் அதே பிடி. வீட்டை விற்கப்போகிறார்கள், மகனிடம் போகப்போகிறேன் என்றார். அங்கே யன்னல்கள் பெரிதா என்று கேட்டேன். தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

தாதி வந்து நேரமாகிவிட்டது என்று சொல்லும்வரை அப்படியே இருந்தோம். தன் கட்டில் பக்கத்து மேசையில் இருந்த வெண்ணெய் பிஸ்கட் பெட்டியை என்னைக் கொண்டு திறப்பித்து, அக்காவுக்கு இரண்டும் எனக்கு இரண்டுமாகத் தன் கையாலேயே எடுத்துத் தந்தார்.